காலண்டர்ல சிலிண்டர் தேதி இருக்கு, உங்க தேதி எங்க?

போன இதழ்ல பீரியட்ஸ் சம்பந்தமா கேள்வி அனுப்புங்கன்னு ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தோம், கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜுமா வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல "பேர் போடாதீங்க டாக்டர்"னு எழுதியிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான். எல்லார்கிட்டயும் நான் திருப்பிக் கேக்க நெனச்ச கேள்வி ஒண்ணு இருக்கு. கடைசியா எந்த தேதியில வந்துச்சு, அதுக்கு முந்தின தடவை எந்த தேதி? கடிதம் முழுக்க வலி இருக்கு, அழுகை இருக்கு, தேதி இல்ல. சமையக்கட்டு காலண்டர்ல சிலிண்டர் மாத்துன தேதி, பால் வாங்காத நாள், சீட்டுப் பணம் கட்டுன நாள் எல்லாம் வட்டம் போட்டு வச்சிருக்கோம், நம்ம உடம்போட தேதிக்கும் அதுல ஒரு வட்டம் போடுங்கம்மா, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

கேள்வி: மேடம், நான் கும்பகோணம். என் வைஃப் டீச்சர், 34 வயசு, ரெண்டு பசங்க. மூணு வாரம் தங்கமா இருப்பா, பீரியட்ஸுக்கு முன்னாடி ஒரு வாரம் வேற ஆளா மாறிடறா. பசங்கள காரணமே இல்லாம அடிக்கறா, அப்புறம் பாத்ரூம்ல போய் அழறா. போன மாசம் "நான் செத்துட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க"ன்னு சொன்னா, ரெண்டு நாள்ல பீரியட்ஸ் வந்துச்சு, எதுவுமே நடக்காத மாதிரி சகஜமாயிட்டா. எங்கம்மா மந்திரிக்க கூட்டிட்டுப் போகணும்ங்கறாங்க. எனக்கு பயமா இருக்கு.

பதில்: தம்பி, முதல்ல அவங்க சொன்ன அந்த "செத்துட்டா"ங்கற வார்த்தைக்கு வர்றேன். கோவத்துல சொன்னதுன்னு விட்டுடாதீங்க. அவங்க அமைதியா இருக்கற நேரமா பார்த்து பக்கத்துல உக்காந்து "சாகணும்னு நெஜமாவே தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பலரும் பயப்படறாங்க, அப்படி வராது, கேட்டா பாரம்தான் இறங்கும். ஆமான்னு சொன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. ராத்திரி நேரம்னா 14416ன்னு டெலிமானஸ் நம்பர் இருக்கு, மத்திய அரசோட இலவச மனநல உதவி, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பீரியட்ஸுக்கு முன்னாடி மார்பு கனக்கறது, வயிறு உப்பிக்கறது, எரிச்சல் வர்றது பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கும், அதைத்தான் பிஎம்எஸ்ங்கறோம். 100ல 3லேந்து 8 பேருக்கு அது மனச அடிச்சுப் போடற அளவுக்குப் போகும், அதுக்கு பிஎம்டிடின்னு தனிப் பேரு. மனநல டாக்டர்கள் வச்சிருக்கற டிஎஸ்எம்-5 கையேட்டுல 2013ல அத தனி நோயாவே சேர்த்துட்டாங்க. நீங்க எழுதியிருக்கறத பார்த்தா அதுவா இருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது, ஆனா நேர்ல பார்க்காம சொல்ல மாட்டேன்.

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, இவங்களுக்கு ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் எல்லாமே நார்மல்னுதான் வரும். "எல்லாம் நல்லாதானே இருக்கு, இவதான் வேணும்னு பண்றா"ன்னு வீட்டுல பேச ஆரம்பிக்கறது அங்கதான். ஹார்மோன் அளவுல குறை இல்ல, கருமுட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த ஹார்மோன் ஏறி இறங்குது பாருங்க, அந்த ஏத்த இறக்கத்த இவங்க மூளை தாங்க மாட்டேங்குது, செரட்டோனின்னு ஒரு ரசாயனம் அதுல சம்பந்தப்பட்டிருக்கு. பேயும் கெடையாது திமிரும் கெடையாது. உங்கம்மாகிட்ட அத நீங்களே சொல்லுங்க, மருமக சொன்னா எடுபடாது.

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா எங்கிட்ட வந்தாங்க, கைப்பையிலேந்து சுருட்டி வச்ச மூணு காலண்டர் தாள எடுத்து மேஜையில விரிச்சாங்க. எண்ணெய்க் கறை பட்ட தாள். பீரியட்ஸ் நாளுக்கு சிவப்பு வட்டம், சிலிண்டருக்கு நீல வட்டம், நடுவுல சில கட்டத்துல பென்சில்ல பொடி எழுத்துல "அழுதேன்"னு இருந்துச்சு. மூணு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்ப ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்கும் முன்னாடி அஞ்சாறு கட்டம் பூரா "அழுதேன்", வட்டம் வந்து ரெண்டு நாள் கழிச்சு காலி. அந்த அம்மா அத பார்த்துட்டு "அப்ப நான் பைத்தியம் இல்லையா டாக்டர்"னு கேட்டாங்க, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

உங்க வைஃபையும் ரெண்டு மாசம் தினமும் ராத்திரி குறிக்கச் சொல்லுங்க, எரிச்சல், அழுகை, தூக்கம், வலி, ஒவ்வொண்ணுக்கும் 0லேந்து 3 வரைக்கும் மார்க். அவங்களே போடணும், நீங்க போடக்கூடாது. மாசம் முழுக்க சோர்வு இருந்து அந்த வாரம் மட்டும் கூடுதுன்னா அது டிப்ரெஷனா இருக்கலாம், பீரியட்ஸ் வந்ததும் சுத்தமா விலகுதுன்னா பிஎம்டிடி பக்கம். ரெண்டு மாசம் முடிஞ்சாதான் டாக்டர்கிட்ட போகணும்னு மட்டும் நெனைக்காதீங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க, குறிக்கறது பாட்டுக்கு குறிக்கட்டும்.

மருந்து இருக்கு. அந்த செரட்டோனின் மேல வேலை செய்யற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைங்க டிப்ரெஷனுக்கு வேலை செய்ய சில வாரம் ஆகும், இதுக்கு சில நாள்லயே கேக்கும், சிலருக்கு பீரியட்ஸுக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் குடுத்தாலே போதும், டாக்டர்தான் முடிவு பண்ணணும். சிலருக்கு கருத்தடை மாத்திரையில ஒரு சில வகை உதவும். லேசான பிஎம்எஸ்ஸா இருந்தா வாரத்துல அஞ்சு நாள் அரை மணி நேரம் வேகமா நடக்கறது, தூக்கம், அந்த வாரத்துல காபியயும் ஊறுகா அப்பளத்தையும் குறைக்கறது, இதுலயே நல்ல மாற்றம் தெரியும். கால்சியமும் சிலருக்கு உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு, பாலும் கேழ்வரகும் தினம் சேர்க்கலாம், 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. பி6 மாத்திரைய மட்டும் இஷ்டத்துக்கு வாங்கிப் போட வேணாம், அளவு கூடினா நரம்பு மரத்துப் போகும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு தம்பி. அவங்க கோவப்படறப்ப "டேட் வந்துடுச்சா, அதான் கத்துற"ன்னு சொல்லிடாதீங்க. அவங்க சொல்ற விஷயத்துல நியாயம் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையில அடிபட்டுப் போயிடும். அந்த வாரம் பசங்க ஹோம்வொர்க்க நீங்க எடுத்துக்கங்க, ராத்திரி டிஃபனுக்கு மாவ நீங்க ஊத்துங்க.

கேள்வி: அக்கா, திருப்பூர் பனியன் கம்பெனில டெய்லரா இருக்கறனுங்க, 22 வயசு. மொத நாள் வலில நிக்க முடியாதுங்க, வாந்தி, கால் எல்லாம் இழுக்குது. கம்பெனில ஒரு மாத்திரை குடுப்பாங்க, அட்டையில பேரே இருக்காது, வெட்டிக் குடுப்பாங்க. அம்மா "மாத்திரை போட்டா பின்னால கொழந்த தங்காது, கல்யாணம் ஆனா வலி சரியாயிரும்"ங்கறாங்க. என்னங்க பண்றது?

பதில்: கண்ணு, பேர் இல்லாத மாத்திரைய இனிமே வாயில போடாத. 2019ல தமிழ்நாட்டு கார்மெண்ட்ஸ்ல வேலை பார்க்கற பெண்களுக்கு பீரியட்ஸ் வலிக்கு இப்படி பேரில்லாத மாத்திரை குடுக்கறாங்கன்னு ஒரு செய்தி நிறுவனம் விசாரிச்சு எழுதுச்சு, எனக்கு படிச்சு மனசு கொதிச்சுது. என்ன மருந்து, என்ன அளவு, காலாவதி தேதி என்னன்னு தெரிஞ்சுக்கறது உன் உரிமை. முழு அட்டையா மெடிக்கல்ல வாங்கி உன் பையில வச்சுக்கோ.

வலி ஏன் வருதுன்னா, கர்ப்பப்பை உள் சவ்வு உரியறப்ப ப்ரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்கும், அது கர்ப்பப்பைய இறுக்கிப் பிழியும், குடலையும் சேர்த்து கலக்கும், வாந்தியும் வயித்தாலயும் அதனாலதான். மெஃபனமிக் ஆசிட், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க அது சுரக்கறதயே தடுக்கும். அதனால வலி உச்சிக்கு ஏறுற வரைக்கும் பல்ல கடிச்சிட்டு இருந்துட்டு போட்டா பாதிதான் கேக்கும், ஆரம்பிச்ச உடனே சாப்பிட்டுட்டு போடணும், வெறும் வயித்துல கூடாது, ரெண்டு மூணு நாளைக்கு மேல இழுக்கவும் கூடாது. வயித்துப் புண், ஆஸ்துமா, கிட்னி பிரச்னை இருந்தா டாக்டர கேக்காம தொடாத. 2023 நவம்பர்ல இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் ஆசிட்டுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்துச்சு, அபூர்வமாதான் வரும், ஆனா மாத்திரை போட்ட சில வாரத்துக்குள்ள காய்ச்சலோட தோல் தடிப்பு, கழுத்துல நெறி கட்டுனா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வெந்நீர்ப் பை அடிவயித்துல வைக்கறது நெஜமாவே வேலை செய்யும், அது பாட்டி வைத்தியம் மட்டுமில்ல, ஆய்வுலயும் நிரூபிச்சிருக்காங்க.

கொழந்த தங்காதுங்கறது தப்பு கண்ணு. மாசத்துல ரெண்டு நாள் வலி மாத்திரை போட்டதால கருத்தரிப்பு கெடாது. கல்யாணம் வலிக்கு மருந்தும் இல்ல. ஆனா ஒண்ணு பாரு, மாத்திரை போட்டும் வலி நிக்கல, வருஷா வருஷம் கூடுது, பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் அடிவயிறு வலிக்குது, அந்த நாள்ல மலம் போறப்ப உயிர் போகுதுன்னா எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம், அதாவது கர்ப்பப்பை உள் சவ்வு மாதிரியே ஒண்ணு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது. இனப்பெருக்க வயசுல இருக்கறவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கண்டுபிடிக்க பல வருஷம் ஆயிடுது, "பொண்ணுன்னா அப்படித்தான்"னு சொல்லியே காலம் போயிடுது. குழந்தை தங்கறதுக்கு தடையா வர்றது இந்த நோய்தான், நீ போடற மாத்திரை இல்ல. அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டு.

கேள்வி: ராஜபாளையம் டாக்டர். பொண்ணுக்கு 14 வயசு, பெரிய மனுஷி ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சு. 40 நாள், 43 நாள்னு வருது. ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு சொல்லி பிசிஓடின்னுட்டாங்க, மாத்திரை எழுதியிருக்காங்க. மாமியார் மலைவேம்பு சாறு குடுக்கணும்ங்கறாங்க. எத குடுக்க?

பதில்: இப்போதைக்கு ரெண்டையும் நிறுத்தி வைங்கம்மா. வயசுக்கு வந்த முதல் மூணு வருஷம் 21லேந்து 45 நாளுக்குள்ள வந்தா அது சரிதான், மூளைக்கும் சினைப்பைக்கும் பேச்சுவார்த்தை பழகறதுக்கே அவ்வளவு காலம் ஆகும். அந்த வயசுல ஸ்கேன்ல சின்னச் சின்ன முட்டைப் பைங்க நிறைய தெரியறது இயல்பு, அதனாலதான் வயசுக்கு வந்து 8 வருஷம் வரைக்கும் ஸ்கேன வச்சு பிசிஓடின்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு சர்வதேச வழிகாட்டுதலே இருக்கு. 14 வயசுல ஒரு பொண்ணுக்கு "உனக்கு நோய், கொழந்த பொறக்காது"ன்னு காதுல போட்டுட்டா அவ அத வாழ்நாள் பூரா சுமப்பா.

மீசை தாடி மாதிரி முடி, அடங்காத பரு, கழுத்துல கறுப்பு படர்றது, வெயிட் சட்டுனு ஏறுறது, இல்ல ஒரு தடவையாவது 3 மாசத்துக்கு மேல வராம இருந்தா அப்ப தைராய்டு, ப்ரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன்னு ஹார்மோன் டெஸ்ட் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் 7 நாளுக்கு மேல கொட்டுதுன்னா ரத்தம் உறையற தன்மையையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, இந்த வயசுல அத தவற விடக்கூடாது. மலைவேம்பு சாறு வேணாம், எவ்வளவு குடுத்தா ஆபத்துன்னு யாரும் அளந்து சொல்லல. உளுந்தங்களி தாராளமா கிண்டிக் குடுங்க, கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்டு, நோய தீர்க்காது, ஆனா நல்ல சாப்பாடு. பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நீல கலர் இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்க பாருங்க, அத முழுங்கறாளா பைக்குள்ள போட்டு வச்சிருக்காளான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: தேனி பக்கம் கிராமம் டாக்டரம்மா. வயசு 43. பத்து நாள் வரைக்கும் போகுது, கட்டி கட்டியா விழுகுது, துணி வச்சு அதுக்கு மேல பேடும் வச்சாத்தான் காட்டு வேலைக்குப் போக முடியுது. மாடி ஏறுனா மூச்சு வாங்குது. கொஞ்ச நாளா அரிசி களையறப்ப பச்சரிசிய வாயில அள்ளிப் போட்டுக்கணும்னு இருக்கு, அத விட முடியல. ரத்தம் 7.8 இருக்காம். கர்ப்பப்பைய எடுத்துரலாம்னுட்டாங்க, எடுத்துரலாமா?

பதில்: அம்மா, அந்த பச்சரிசி விஷயத்த எழுதுனீங்களே, அதுக்கு நன்றி. பச்சரிசி, சாம்பல், பல்பம், ஐஸ் இதெல்லாம் திங்கணும்னு நாக்கு தேடுனா பெரும்பாலும் உடம்புல இரும்புச்சத்து வத்திப் போச்சுன்னு அர்த்தம். பல பேர் வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல. உங்களுக்கு ரத்தம், அதாவது ஹீமோகுளோபின் அளவு, 12க்கு மேல இருக்கணும், 8க்கு கீழ போனா கடுமையான ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நாட்டுல 15லேந்து 49 வயசு பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நீங்க தனி ஆள் இல்ல.

முதல் வேலை அந்த ஹீமோகுளோபின் அளவ கூட்டறது. ஆபரேஷனே பண்றதா இருந்தாலும் அந்த அளவ கூட்டிட்டுதான் பண்ணணும். 7.8க்கு பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் மட்டும் பத்தாது, மாத்திரை வேணும், உங்க அளவுக்கு நரம்பு வழியா இரும்புச்சத்து ஊசி போட்டா சீக்கிரம் ஏறும், கேளுங்க. மாத்திரைன்னா டீ காபியோட சேர்த்து போடாதீங்க, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, எலுமிச்சம்பழச் சாறோட போட்டா நல்லா உள்ள இறங்கும். மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. ரத்தம் 12 ஆயிருச்சுன்னு நிறுத்திடாம இன்னும் 3 மாசம் போடணும், சேமிப்பு நிறையணும்ல.

அடுத்தது ஏன் இவ்வளவு போகுதுன்னு கண்டுபிடிக்கறது. ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையுது, ராத்திரி எந்திரிச்சு மாத்த வேண்டியிருக்கு, ஒரு ரூபா காசு அளவுக்கு மேல கட்டி விழுகுதுன்னா அது அதிகம். ஸ்கேன்ல ஃபைப்ராய்டா (கர்ப்பப்பையில வளர்ற சதைக்கட்டி), அடினோமயோசிஸான்னு (உள் சவ்வு கர்ப்பப்பை சதைக்குள்ளயே வளர்றது) பார்க்கணும், தைராய்டு பார்க்கணும், உங்க வயசுல உள் சவ்வுலேந்து கொஞ்சம் எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது லேப்ல சதைப் பரிசோதனைக்கு, அனுப்புறதும் நல்லது. இதெல்லாம் பண்ணாம நேரா "எடுத்துரலாம்"னு சொல்லியிருந்தா இன்னொரு டாக்டர பாருங்க, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மகப்பேறு பிரிவுக்கே போங்க. தேவையில்லாம கர்ப்பப்பை எடுக்கறத தடுக்கற வழிகாட்டுதல்கள மாநிலங்கள் கண்டிப்பா நடைமுறைப்படுத்தணும்னு 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

எடுக்காம சமாளிக்க வழி இருக்கு. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை அதிகமா போற நாள்ல மட்டும் போட்டா ரத்தப்போக்கு நல்லாவே குறையும், கால் நரம்புல, நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு ஆகாது. ஹார்மோன் சுரக்கற காப்பர் டி மாதிரி ஒண்ணு இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வச்சா அஞ்சு வருஷம் தாங்கும், முதல் ஆறு மாசம் சொட்டுச் சொட்டா படும், அந்த நேரத்துல "சரிப்படல"ன்னு எடுத்துடறாங்க, பொறுத்தா பலருக்கு பீரியட்ஸே நின்ன மாதிரி ஆயிடும். இதெல்லாம் பார்த்தும் முடியல, இல்ல பயாப்ஸில ஏதாவது இருக்குன்னா எடுக்கறது சரிதான், நானே சொல்லுவேன். அப்பவும் சினைப்பையையும் சேர்த்து எடுக்கறாங்களா, ஏன்னு கேளுங்க. காரணமில்லாம அத எடுத்துட்டா எலும்பும் இதயமும் சீக்கிரம் தேயும்.

கேள்வி: மதுரை மேடம். அடுத்த மாசம் புது வீட்டு பால்காச்சு, அன்னிக்குத்தான் எனக்கு டேட். தள்ளிப் போடற மாத்திரை மெடிக்கல்ல கேட்டு வாங்கலாமா?

பதில்: டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாங்குங்க. நோரெத்திஸ்டிரோன்னு பேரு, வழக்கமா 5 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூணு வேளை, டேட்டுக்கு 3 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துடும். கால்ல ரத்தக்கட்டி வந்தவங்க, கண்ணுல மின்னல் வெட்டுற மாதிரி ஒற்றைத் தலைவலி இருக்கறவங்க, கல்லீரல் பிரச்னை இருக்கறவங்க போடவே கூடாது, மெடிக்கல்ல இதெல்லாம் கேக்க மாட்டாங்க. கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க, இது கருத்தடையும் இல்ல. எப்பவோ ஒரு தடவைன்னா பரவால்ல, ஒவ்வொரு விசேஷத்துக்கும் வேணாம். என் அபிப்ராயம் கேட்டா, உங்க வீட்டுல நீங்க பால் காய்ச்ச எந்த மாத்திரையும் தேவையில்லம்மா, ஆனா அது உங்க மனசு, உங்க முடிவு.

கேள்வி: நாகர்கோவில். வயசு 51. நின்னு 14 மாசம் ஆச்சு. போன வாரம் ரெண்டு நாள் லேசா கறை மாதிரி பட்டுது, அப்புறம் ஒண்ணுமில்ல. மறுபடியும் வருதுன்னு அக்கா சந்தோஷப்படறாங்க. விட்டுடலாமா?

பதில்: விடக்கூடாதும்மா. 12 மாசம் வராம இருந்து அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அத பீரியட்ஸ்னு எடுத்துக்கவே கூடாது. பத்துல ஒம்போது பேருக்கு சவ்வு மெலிஞ்சு போனது, சின்ன சதை வளர்ச்சின்னு சாதாரண காரணமாதான் இருக்கும், ஆனா மிச்சம் அந்த ஒருத்தருக்கு கர்ப்பப்பை புற்றுநோயா இருக்கலாம், இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சா பெரும்பாலும் முழுசா குணப்படுத்திடலாம். பிறப்புறுப்பு வழியா ஸ்கேன் பண்ணி சவ்வு எத்தன மில்லிமீட்டர்னு பார்ப்பாங்க, 4க்கு மேல இருந்தா பயாப்ஸி. கூடவே கர்ப்பப்பை வாயையும் பார்த்துடுவாங்க. கறை பட்ட அந்த ரெண்டு தேதியையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கங்க, இந்த இதழ் கைக்கு வந்த வாரமே போங்க, அக்காவையும் கூட கூட்டிட்டுப் போங்க.